கலாய்த்தல்

இளைஞர் நாவிலும் திரைப்பட வசனங்களிலும் ஓயாது புழங்கும் 'கலாய்த்தல்' என்னும் சொல்லை நேற்றுப் பிறந்த கொச்சை என்று கருதி முகஞ்சுளிக்கும் பெரியோர், அகராதியைச் சற்றே புரட்டுவாராயின், சினத்தல், கலகித்தல் என்னும் பொருள்களோடு அது நெடுங்காலமாகவே அங்கு வீற்றிருக்கக் காண்பர். இன்று அச்சொல்லில் சினம் வெளியே தெரிவதில்லை, பரிகாசமே தெரிகிறது. ஆயினும், புண்பட்டவன் முகம் வாடியவுடன், "சும்மா கலாய்த்தேன், இதற்குப் போய்க் கோபமா?" என்று ஒரு கேள்வி எழ, குற்றம் கலாய்த்தவனை விட்டு இறங்கிச் சிரிக்கத் தவறியவன் தலையில் ஏறிவிடுகிறதே, அந்த விநோத நியாயம் எனக்குச் சம்மதமன்று.

பரிகாசமே ஆகாது என்பது என் பக்ஷமன்று. நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதலாவதாக வைத்தார் தொல்காப்பியர். உரைகண்ட பேராசிரியரோ, பிறரை எள்ளி நகுதலோடு, பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதலையும் சேர்த்து, அதனை இரண்டாக வகுத்தார். அந்த இரண்டாம் பாதியைத்தான் நாம் தொலைத்துவிட்டோம்.

அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், மாலை சூடி நெய் பூசிக் காவலில் கிடந்த அவன் படைக்கலங்களைப் புகழ்வதுபோற் புகழ்ந்து, தம் மன்னனுடையவையோ போரில் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று கூறியபோது, எள்ளல் ஆயுதமற்ற ஒரு புலவரிடமிருந்து அரியணையை நோக்கி மேலேறிச் சென்றது. நம் அலுவலகங்களில் மேலதிகாரியை நேருக்கு நேர் கலாய்ப்பவர் எவரையும் நான் கண்டதில்லை. கடைநிலை ஊழியரின் நிறமும் பருமனும் பேச்சு வழக்கும் மட்டும் தினந்தோறும் சந்திக்கு வருகின்றன. சின்னத்திரையிலோ, அவமதிக்கப்படுபவரே முந்திக்கொண்டு சிரிப்பது அவர் ஜீவனோபாயத்தின் நிபந்தனையாகவே ஆகிவிட்டது. பேராசிரியர் சொன்ன நகை அதுவன்று.

1996இல் மருத்துவ மாணவர் ஒருவரின் கொலை தமிழகத்தைப் பதறவைத்தபின், 1997இல் இம்மாநிலம் இயற்றிய ராகிங் தடைச்சட்டம், அடித்துத் துன்புறுத்துவதை மட்டுமன்றிக் கேலி செய்வதையும் குற்றத்தின் இலக்கணத்துள் அடக்கியிருக்கிறது. ஆதலின் "சும்மா" என்னும் சமாதானம் கல்லூரி விடுதியில் சட்டப்படி செல்லாது. படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்த மறுநாளே, அதே சமாதானம் மீண்டும் செல்லுபடியாகத் தொடங்கிவிடுகிறது.