ரயில் வராத ஸ்டேஷனில் ஒரு காபி

ரயில் நிற்கிற ரெண்டு நிமிஷத்தில் இறங்கி டீ வாங்கியிருக்கிறீர்களா? டீ கொதிக்கும், மீதிச் சில்லறை வராது, ரயில் மட்டும் கரெக்டாகக் கிளம்பிடும். பாதியைக் குடிச்சு, மீதியைச் சட்டைக்குக் கொடுத்துட்டு ஓடிவந்து ஏறுகிற பரம்பரை நாம்.

அப்பேர்ப்பட்ட என்னை, சிங்கப்பூரில் வேலை பார்க்கிற சின்னம்மா பையன், "அண்ணா, இன்னிக்கு ரயில்வே ஸ்டேஷன்ல நிதானமா காபி சாப்பிடலாம், வாங்க" என்று கூட்டிப் போனான். உட்கார்ந்தும் மனசு கேட்கலை. ரெண்டு தரம் தண்டவாளத்தை எட்டிப் பார்த்துட்டேன்.

"பயப்படாதீங்க. கடைசி ரயில் 2011 ஜூன் 30-ஆம் தேதியே போயிடுச்சு."

புக்கிட் தீமா ஸ்டேஷன். 1932-ல் வந்த செங்கல் கட்டிடம். நம்ம சேலம் - விருத்தாசலம் பாதை முன்னாடி இருந்த மாதிரியே மீட்டர் கேஜ். குதிரைப் பந்தயத்துக்கு வர்ற குதிரைகள்கூட இங்கேதான் இறங்குமாம். "டிக்கெட் எடுத்துச்சா?" என்றேன். தம்பி முறைத்தான்.

மலேயா ரயில்வேக்கு 1918-ல் தந்த நிலக் குத்தகை 999 வருஷம்! அம்மாபேட்டையில் என் வீட்டுக்காரர் பதினோரு மாசத்துக்கு மேல் ஒரு நாள் எழுதித் தர மாட்டார். கேட்டதும் வயிறு எரிந்தது. ஆனா அந்தக் குத்தகையும் 93 வருஷத்தில் முடிஞ்சுபோச்சு. 2010-ல் ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட, அடுத்த வருஷம் ரயில் எல்லையோர உட்லண்ட்ஸோடு நின்னுடுச்சு. கடைசி ரயிலை ஜோகூர் சுல்தானே ஓட்டிக்கிட்டுப் போனார்.

ஊழியர்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸ்தான் 2022-ல் காபிக் கடையானது. ஸ்டேஷனையும் பிளாட்பாரத்தையும் கடைக்குக் கொடுக்கலை. காபி வாங்காதவனும் வரலாம், உட்காரலாம். ஒரு தாத்தாவும் பாட்டியும் வீட்டுத் தண்ணி பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள். "ஆர்டர் என்ன?" என்று யாரும் கேட்கலை. எனக்குப் பிடிச்சதே அதுதான்.

ஏன்னா, என் மாமா நம்ம பக்கத்தில் பாயின்ட்ஸ்மேனாக இருந்தவர். அகல ரயில் பாதை வந்தது, புதுக் கட்டிடம் வந்தது. அவர் வேலை பார்த்த பழைய ஸ்டேஷனுக்குப் பூட்டு வந்தது. இப்போ சுவரில் அரச மரம். பூட்டி வெச்சா பத்திரம் என்று நினைக்கிறோம். கரையானுக்குச் சாவி எதுக்கு சார்? நாலு மேஜை, ஒரு அடுப்பு, சாயங்காலம் ஒரு விளக்கு... மனுஷன் புழங்கினால்தான் கட்டிடம் நிற்கும். ஆனா பில் கட்டினால்தான் உள்ளே விடுவேன் என்றால் அது ஹோட்டல். சும்மா உட்காரவும் விட்டால்தான் ஸ்டேஷன்.

பாயின்ட்டையும் சிக்னலையும் இழுக்கிற லீவர்களைப் போட்டோ எடுத்து மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே போன்.

"துருப் பிடிச்சிருக்கா மாப்ளே?"

"இல்ல மாமா, பெயின்ட் அடிச்சு வெச்சிருக்காங்க."

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிடுச்சோ என்று பார்த்தேன்.

"நல்லாருக்கட்டும்... காபி எவ்வளவு?"

ரூபாயில் கணக்குப் போட்டுச் சொன்னேன்.

இந்த தடவை நிஜமாகவே கட் பண்ணிட்டார்.