வெள்ளத்துக்கு ஒரு படகு: மரத்தில் எங்கே காசை மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடவே கூடாது?

1/
கவர்மென்ட் ஆஸ்பத்திரி டாக்டருக்கும் பிளைவுட் கடைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. ஒரு பையனோட கெண்டைக்காலில் 7 தையல் போடுற வரைக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கொஞ்சம் நீளமான த்ரெட். சொந்தமா மரப்படகு கட்ட நினைக்கிறவங்க, அப்படிப்பட்ட பசங்களுக்குக் காசு கொடுக்கிறவங்க, ரெண்டு பேருமே முழுசா படிங்க.

2/
2023 டிசம்பர் 17, 18. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டக்காரங்க யாரும் அந்தத் தேதியை மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணிக் கரை ஊர்கள் தீவாகிப் போச்சு. கடற்கரையிலிருந்து மீனவர்கள் படகுகளை லாரியில் ஏத்திக் கொண்டுவந்து மக்களைக் காப்பாத்தினாங்க.

ஆனா அவங்க வந்து சேர்ற வரைக்கும் இருந்த மணி நேரங்கள் இருக்கே... பிரசவ வலியோட மாடியில் உட்கார்ந்திருந்த ஒரு பொண்ணுகிட்ட போனிலேயே தைரியம் சொல்லிட்டு இருந்தேன். வேற ஒண்ணும் செய்ய முடியலை.

3/
அந்த வெள்ளம் வடிஞ்ச பிறகு பக்கத்து ஊர்ப் பசங்க சிலர் வந்தாங்க. "டாக்டர், அடுத்த தடவை நம்ம தெருவுக்கு நம்ம படகு இருக்கணும். நாங்களே கட்டப் போறோம்." 14 அடி நீளம், தட்டையான அடிப்பக்கம், துடுப்புப் படகு. யூடியூப் பார்த்துத் திட்டம் போட்டிருந்தாங்க. நல்ல விஷயம்தானேன்னு நானும் 2000 ரூபாய் கொடுத்தேன். ஒரு கேள்விகூடக் கேட்கலை. அது என் தப்பு.

4/
படகு முடிஞ்சுது. பெயின்ட் அடிச்சு, பொட்டு வச்சு, குளத்தில் இறக்கினாங்க. ரெண்டு மாசம் தண்ணியிலேயே கிடந்தது. ஒருநாள் சாயங்காலம் நாலு பேர் ஏறிப் போனப்ப, ஒருத்தன் எழுந்து நின்னான். கால் அப்படியே அடிப்பலகையைப் பிச்சுக்கிட்டு உள்ளே போயிடுச்சு. உடைஞ்ச பிளைவுட் விளிம்பு கெண்டைக்காலைக் கிழிச்சது.

குளத்தில் நெஞ்சளவு தண்ணிதான். அதனால 7 தையல், ஒரு டிடி ஊசியோட முடிஞ்சுது. அதுவே வெள்ளத்தில், படகு நிறைய ஆட்களோட நடந்திருந்தா? தையலுக்கு வேலை இருந்திருக்காது. போஸ்ட்மார்ட்டம்தான்.

5/
மறுநாள் போய்ப் படகைப் பார்த்தேன். அடிப்பலகை நனைஞ்ச நோட்டுப் புத்தகம் மாதிரி ஏடு ஏடா பிரிஞ்சு கிடந்தது. பில்லை வாங்கிப் பார்த்தா "கமர்ஷியல் பிளை". "கடையில வாட்டர்ப்ரூஃப்னுதான் சொன்னாங்க டாக்டர்" என்றார்கள். பெயின்ட் அடிச்சா போதும்னு வேற சொல்லி அனுப்பியிருக்காங்க.

6/
இங்கதான் என் கருத்தைச் சொல்லணும். மலிவா கட்டினதால அந்தப் படகு உடையலை. தப்பான இடத்தில் மலிவு பார்த்ததால உடைஞ்சுது.

ஜெனரிக் மருந்தை நான் மனசார ஆதரிக்கிறவன். அதே மூலக்கூறு, அதே தரம், குறைஞ்ச விலை. அது சிக்கனம். ஆனா உள்ளே மருந்தே இல்லாத மாத்திரையைக் குறைஞ்ச விலைக்கு வாங்கினா, அதுக்குப் பேர் சிக்கனம் இல்லை. மரத்துக்கும் இதே கணக்குதான்.

7/
பிளைவுட்னா என்ன? மெல்லிய மர ஏடுகளைக் குறுக்கும் நெடுக்குமா அடுக்கி, பசை போட்டு அழுத்தி ஒட்டினது. அப்போ அதோட உயிர் எங்கே இருக்கு? மரத்தில் பாதி, பசையில் பாதி.

சாதாரண கமர்ஷியல் பிளைக்கு எம்.ஆர். கிரேடுன்னு பேரு. ஈரப்பதத்தைத் தாங்கும், அவ்வளவுதான். பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. வீட்டுக்குள்ள அலமாரிக்கு அது போதும். தண்ணியில் ஊறினா விட்டுடும்.

மரைன் பிளை வேற. ஐ.எஸ். 710 தரம். ஃபீனால் ஃபார்மால்டிஹைடு வகைப் பசை. 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணியில் போட்டாலும் ஏடு பிரியக் கூடாதுங்கிறதுதான் அதுக்கு வைக்கிற பரீட்சை.

8/
யூடியூப் பார்த்துக் கட்டுறவங்க விழுற பள்ளம் ஒண்ணு இருக்கு. அமெரிக்காக்காரர் வீடியோவில், "மரைன் பிளை எல்லாம் வேண்டாம், சாதாரண எக்ஸ்டீரியர் பிளை போதும்" என்பார். அவர் ஊர்ல அது சரி. அங்கே எக்ஸ்டீரியர்னு முத்திரை போட்ட பலகைக்குத் தண்ணி தாங்குற பசைதான் போட்டிருப்பாங்க.

அந்தப் பேச்சைக் கேட்டுட்டு நம்ம ஊர்க் கடையில் போய் "சாதாரண பிளை" கேட்டா, கையில் வர்றது அலமாரிப் பலகை. பேர் ஒண்ணு, பொருள் வேற. நம்ம பசங்க செஞ்சதும் இதேதான்.

9/
சரி, விலை வித்தியாசம் எவ்வளவு? 14 அடிப் படகுக்கு 8-க்கு 4 அடி பலகை அஞ்சு போதும். அடிப்பக்கத்துக்கு 9 எம்.எம். ரெண்டு, பக்கவாட்டுக்கு 6 எம்.எம். ரெண்டு, பின்பலகை, இருக்கைக்கு 12 எம்.எம். ஒண்ணு. மொத்தம் 160 சதுர அடி.

எங்களுக்குச் சொன்ன விலையில் கமர்ஷியலுக்கும் மரைனுக்கும் சதுர அடிக்குச் சராசரியா 25 ரூபாய் வித்தியாசம். 160 × 25 = 4000 ரூபாய். மொத்தப் படகிலும் மிச்சம் பிடிச்சது அவ்வளவுதான். அதுக்காக முழுப் படகும் போச்சு, கூலியில்லாம பசங்க போட்ட உழைப்பும் போச்சு.

10/
கடையில் எப்படிப் பார்த்து வாங்குறது?

பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை, அதோட ஐ.எஸ். 710 எண், சி.எம்/எல் எனத் தொடங்குற உரிம எண் மூணும் இருக்கணும். அந்த உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டா அது எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்ததுன்னு வந்துடும். "வாட்டர்ப்ரூஃப்", "கிச்சன் ஸ்பெஷல்", "மரைன் டைப்" இதெல்லாம் தரம் கிடையாது, விளம்பரம்.

11/
அப்புறம் பலகையோட விளிம்பைப் பாருங்க. ஏடுகளுக்கு நடுவில் பொந்து, இடைவெளி இருந்தா வேண்டாம். நாணயத்தால பலகை முழுக்கத் தட்டிப் பாருங்க; பொள்ளல் சத்தம் வர்ற இடத்தில் உள்ளே காலி. நாங்க நெஞ்சைத் தட்டிப் பார்க்கிற மாதிரிதான்.

12/
முத்திரையைப் பார்த்தும் சந்தேகமா? ஒரு பலகையை மட்டும் முதல்ல வாங்குங்க. மூலையில் ரெண்டு அங்குலத் துண்டு அறுத்து, பழைய பாத்திரத்தில், வீட்டுக்கு வெளியே வச்சு நாலஞ்சு மணி நேரம் கொதிக்க விடுங்க. வெயிலில் நல்லா காய வச்சு மறுபடியும் கொதிக்க விடுங்க. அப்புறம் கத்தியை ஏடுகளுக்கு நடுவில் விட்டு நெம்புங்க. சுலபமா பிரிஞ்சா அது படகுக்கு ஆகாது.

இது 72 மணி நேரப் பரிசோதனைக்கு ஈடு இல்லை. ஆனா மட்டமான பசை இதிலேயே மாட்டிக்கும். சமையல் பாத்திரத்தில் மட்டும் செஞ்சுடாதீங்க.

13/
"ஏழைங்க எங்கே சார் மரைன் பிளைக்குப் போறது?"ன்னு ஒருத்தர் கேட்டார். கன்னியாகுமரிக் கரையைப் பாருங்க. கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் வேண்டிய பெரிய மரங்கள் கிடைக்காம, விலையும் ஏறிப்போனப்ப, 1980-களில் முட்டம் பக்கம் பிளைவுட் படகுகள் வந்தன. பலகைகளைக் கம்பியால் தைத்து, ரெசினும் ஃபைபர் துணியும் போட்டு ஒட்டுற முறை. மீனவர் சங்கங்களோட கூட்டமைப்பான சிஃப்ஸ் படகுக்கூடங்களே அப்படிப் படகு கட்டினாங்க.

செலவு தாங்காமத்தான் அவங்க பெரிய மரத்தை விட்டாங்க. ஆனா அலமாரிப் பலகைக்குப் போகலை, மரைன் பிளைக்குத்தான் வந்தாங்க. தினமும் கடலுக்குப் போறவனுக்குத் தெரியும், எதில் கை வைக்கக் கூடாதுன்னு.

14/
இப்போ மிச்சம் பிடிக்கிற இடத்துக்கு வருவோம். முதல் இடம், சட்டத்துக்கும் மேல்விளிம்புக் கட்டைக்கும் போடுற மரம். இதுக்குப் புதுத் தேக்கு வேண்டவே வேண்டாம்.

பழைய மரக்கடைக்குப் போங்க. வீடு இடிச்ச கைமரம், உத்திரம், நிலைச் சட்டம் கிடைக்கும். பல வருஷம் காய்ஞ்சு பதப்பட்டது, இனிமே முறுக்காது, வளையாது. நம்ம பசங்களோட ரெண்டாவது படகுக்கு முழுக்க அந்த மரம்தான். அறுக்கிறதுக்கு முன்னாடி காந்தம் வச்சு ஆணி தேடுங்க, இல்லைன்னா ரம்பம் போச்சு. பழைய தேக்கா இருந்தா எண்ணெய்ப் பசை இருக்கும். புது முகம் வர்ற மாதிரி இழைச்சு, அசிட்டோனால துடைச்ச பிறகு ஒட்டுங்க.

15/
கேரளாவிலும் குமரிப் பக்கமும் வள்ளத்துக்குப் பேர்போன மரம் அயனி, மலையாளத்தில் ஆஞ்ஞிலி. பக்கத்தில் கிடைச்சா தாராளமா வாங்கலாம்.

தவிர்க்க வேண்டியது: ரப்பர் மரம். மலிவுதான், ஆனா பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும். பச்சை மரம் வேண்டாம். காயக் காய வெடிக்கும், ஒட்டின இடம் விடும். வளைக்கப் போற கட்டையில் கணு இருந்தா அங்கேதான் முறியும். பேக்கிங் பெட்டி மரத்தை உள்ளே கால் வைக்கிற தட்டிக்குப் போடலாம். அதுக்கு மேல நம்பாதீங்க.

16/
ரெசின். இங்கே மிச்சம் பிடிக்காதீங்க. ஃபைபர் பட்டறைகளில் சாதாரணமா ஓடுற பாலியெஸ்டர் ரெசின் விலை கம்மி. ஆனா மரத்தோட எபாக்ஸி அளவுக்கு ஒட்டாது. நாளடைவில் தோல் மாதிரி உரிஞ்சு, நடுவில் தண்ணி தங்கி, வெளியே தெரியாமலே மரம் உளுத்துப் போகும்.

எபாக்ஸி வாங்குங்க, அளவைக் குறைங்க. தையல் இணைப்புகளுக்கும் அடிப்பக்கத்துக்கும் ஃபைபர் துணியோட போடுங்க. பக்கவாட்டுக்குத் துணி வேண்டாம், எபாக்ஸி பூச்சு மட்டும் போதும். முக்கியமா அறுத்த விளிம்புகள் எல்லாத்துக்கும் ரெண்டு மூணு கோட். தண்ணி நுழையிற வாசல் அதுதான்.

17/
பெயின்டுல மிச்சம் பிடிக்கலாம். வீட்டுக் கேட்டுக்கு அடிக்கிற எனாமலே போதும், வருஷம் ஒரு தடவை மறுபடி அடிச்சுக்கலாம். ஸ்க்ரூவில் கூடாது. இரும்பு ஆணி துரு பிடிச்சுச் சுத்தியிருக்கிற மரத்தையும் கெடுக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்க. உப்புத் தண்ணிக்குன்னா 316.

18/
யாரும் யோசிக்காத, ஏறக்குறைய செலவே இல்லாத ஒண்ணு: இருக்கைக்கு அடியில் மூடி இறுக்கின காலி 20 லிட்டர் கேன்கள். ஒவ்வொண்ணும் தண்ணிக்குள்ள கிட்டத்தட்ட 20 கிலோவைத் தூக்கும். ஆறு கேன் கட்டினா, படகு முழுக்கத் தண்ணி நிறைஞ்சாலும் பிடிச்சுக்கிட்டு மிதக்கலாம். வாராலே இறுக்கிக் கட்டணும், சும்மா வச்சா மிதந்து போயிடும்.

தெர்மாகோல் போடுறவங்க கவனம். பாலியெஸ்டர் ரெசினும் பெட்ரோலும் பட்டா அது கரைஞ்சு போயிடும்.

19/
இப்போ டாக்டரா மூணு வார்த்தை.

மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வச்சிருக்கு. மூக்கிலும் அதைச் சுத்தியுள்ள எலும்பறைகளிலும் வர்ற புற்று. அறுக்கிறப்ப, தேய்க்கிறப்ப என்95 மாஸ்க் கட்டாயம்.

எபாக்ஸி கையில் பட்டுக்கிட்டே இருந்தா அலர்ஜி வரும். ஒரு தடவை வந்துட்டா வாழ்நாள் முழுக்க அது பக்கமே போக முடியாது. கையுறை போடுங்க, பட்டா சோப்பால் கழுவுங்க, தின்னரால் துடைக்காதீங்க.

பாலியெஸ்டர் வேலை செய்றவங்க கலக்குற கேட்டலிஸ்ட் கண்ணில் தெறிச்சா பார்வையே போகலாம். கண்ணாடி போடாம அந்த பாட்டிலைத் திறக்காதீங்க. தெறிச்சா உடனே ஓடுற தண்ணியில் 15 நிமிஷத்துக்குக் குறையாம கழுவிட்டு, நேரா ஆஸ்பத்திரி.

20/
"படகு வாங்கி வைக்கிறது அரசாங்கத்தோட வேலை இல்லையா?" ஆமா, அவங்க வேலைதான். நான் அரசாங்கச் சம்பளம் வாங்குறவன், எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. ஆனா முதல் ஆறு மணி நேரம் தெருவில் இருக்கப்போறது தெருக்காரங்கதான். அவங்க கையில் இருக்கிற படகு நம்பக்கூடியதா இருக்கணும்.

அதே நேரம் ஒண்ணைத் தெளிவா சொல்லிடுறேன். இது தேங்கி நிற்கிற தண்ணியில் பாட்டியையும் கர்ப்பிணியையும் மேட்டுக்குக் கொண்டுபோற படகு. இழுப்புத் தண்ணியில், ஆத்துக்குள்ள இறக்காதீங்க. லைஃப் ஜாக்கெட் இல்லாம ஒருத்தரையும் ஏத்தாதீங்க. பணம் பத்தலைன்னா படகை ரெண்டு அடி சின்னதாக் கட்டி, அந்தக் காசில் ஜாக்கெட் வாங்குங்க.

21/
ரெண்டாவது படகு இப்போ தயார். தையல் வாங்கின பையன்தான் இந்தத் தடவை பிளைவுட் கடைக்குப் போனான். துண்டு அறுத்துக் கொதிக்க வச்சுப் பார்த்துட்டு, "பிரியலை டாக்டர்"னு போட்டோ அனுப்பினான். ஸ்கேன் ரிப்போர்ட் நார்மல்னு வந்தா வர்ற சந்தோஷம் எனக்கு.

இந்தத் தடவை குளத்தில் போட்டு வைக்கலை. கொட்டகையில், நிழலில், தரையில் படாம கட்டை மேல கவிழ்த்து வச்சிருக்காங்க. எந்த மரப்படகுக்கும் காசு செலவில்லாத மருந்து அதுதான்.

22/
சுருக்கமா: உடைஞ்சா ஆள் முழுகிப் போகும் இடங்கள் மூணு. பலகை, பசை, இணைப்பு. அங்கே பேரம் பேசாதீங்க. சட்டம், தட்டி, பெயின்ட், அலங்காரம் இங்கெல்லாம் எவ்வளவு வேணும்னாலும் மிச்சம் பிடிங்க.

யாராவது படகு கட்டக் காசு கேட்டு வந்தா, கொடுங்க. கொடுக்கிறப்ப, "என்ன பிளை?"ன்னு ஒரு கேள்வியும் கேளுங்க. நான் கேட்காம விட்டது அது ஒண்ணுதான்.

தேவைப்படுறவங்களுக்குப் பகிருங்க.