இறையியல் குருமடத்தின் தனிச்சொத்தா?

கத்தோலிக்க இறையியலைக் கலைமாணி மாணவர் ஒரு பாடமாகப் பயிலல் வேண்டும் என்று கூறின் நம்மவரிற் பலர் முகஞ் சுளிப்பர். அது குருமாருக்குரிய கல்வி, குருமடத்திலே கற்கட்டும் என்பர் ஒரு சாரார். விசுவாசம் ஆராய்ச்சிக்குரிய பொருளன்று, பொதுமக்கள் பணத்தில் இயங்கும் பல்கலைக்கழகத்தில் அதற்கு இடமில்லை என்பர் மறு சாரார். முன்னவர் பக்தர்; பின்னவர் தம்மைப் பகுத்தறிவாளர் எனக் கூறிக்கொள்வோர். ஆயினும் ஒரு விடயத்தில் இருசாராரும் கைகோத்து நிற்கின்றனர். இறையியல் என்பது கேள்வி கேளாது மனனஞ் செய்யப்படுவது என்பதே அது.

இக்கருத்து எத்துணைத் தவறானது என்பதற்கு அத்துறையின் தலையாய நூலே சான்றாகும். தோமஸ் அக்குவைனாஸ் 1265ஆம் ஆண்டளவிற் தொடங்கி, 1273இல் முற்றுப்பெறாமலே நிறுத்திய ‘சும்மா தெயொலோகியே’ தொடக்கநிலை மாணாக்கருக்கென எழுதப்பட்டதாக அதன் முகவுரை கூறுகின்றது. (பெயரைக் கண்டு நகைப்போர் உளர், வாசகனைச் சும்மா இருக்கவிடாத நூல் அது.) அதில் ஒவ்வொரு வினாவின் கீழும் முதலில் வருவது ஆசிரியரின் கொள்கையன்று, அதற்கெதிரான தடைகளே. கடவுள் உளரோ என்ற வினாவுக்கு, இல்லை என்பாரின் கூற்றையே அவர் முதலில் வைக்கின்றார். உலகில் தீமை உண்டு என்ற வலிமைமிக்க தடையை அவர்தாமே எடுத்துரைக்கின்றார். பரபக்கங் கூறிப் பின்னர்ச் சுபக்கம் நிறுவும் சிவஞான சித்தியாரைக் கற்ற தமிழ் மாணவனுக்கு இம்முறை புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்க மாணாக்கன் தாங்கிய தடையை இருபத்தோராம் நூற்றாண்டின் பட்டதாரி தாங்கமாட்டான் என எண்ணுவது எவ்வகையிற் பொருந்தும்?

க.பொ.த. உயர்தரத்திற் கிறிஸ்தவ நாகரிகம் ஒரு பாடம்; பல்கலைக்கழக மட்டத்திலும் அது கற்பிக்கப்படுகின்றது. அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் நாகரிகத்தின் வரலாறு வேறு, அந்நாகரிகத்தை இயக்கிய சிந்தனை வேறு. நைசீயாச் சங்கம் கூடிய ஆண்டு 325 என எழுதும் மாணவன் புள்ளி பெறுகின்றான். ஆரியூஸ் என்ன சொன்னார், அது அக்காலத்திற் பலருக்கு ஏன் நியாயமாகத் தோன்றியது, அதனை மறுத்தோர் விவிலியத்தில் இல்லாத ஒரு கிரேக்கச் சொல்லை ஏன் நாடினர் என்பன அவனிடம் கேட்கப்படுவதில்லை. கேட்டாலும் ரியூட்டறிக் குறிப்புகளில் விடை இராது.

குருமாருக்குரியது என்போர்க்கு அவர்தம் திருச்சபையே மறுமொழி கூறிவிட்டது. பொதுநிலையினர் இறையியற் கல்வி பெறவேண்டும் என்ற விருப்பை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்டது. 1983ஆம் ஆண்டுத் திருச்சட்டத் தொகுப்பின் 229ஆம் பிரிவு அதனை அவர்களுடைய உரிமையாகவே எழுதிவைத்தது. உரிமை ஏட்டில் இருக்கின்றது. அது ஏட்டளவில் நின்றமையால் விளைந்த கேட்டுக்கு எம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. திஸ்ஸ பாலசூரிய அடிகள் ‘மரியாவும் மனித விடுதலையும்’ என்னும் நூலை 1990இல் வெளியிட்டார். 1997 ஜனவரியிற் சபைவிலக்குக்கு ஆளானார். மறு ஆண்டு ஜனவரியில் அவ்விலக்கு நீக்கப்பட்டது. வழக்கின் நடுவில் நின்ற பொருள்களுள் ஒன்று சென்மபாவக் கோட்பாடு. அகுஸ்தீனார் அதனை எவ்வாறு விளக்கினார், 1546இல் திரெந்துச் சங்கம் யாது விதித்தது, அடிகள் எதனை ஐயுற்றார் என்பவற்றைத் தாமே படித்துத் தீர்ப்புக் கூறக்கூடிய பொதுநிலையினர் எத்தனை பேர் இங்கிருந்தனர்? ஆதரித்தோரும் எதிர்த்தோரும் பெரும்பாலும் ஆளைப் பார்த்தே அணிசேர்ந்தனர் என்பது எம் கருத்து. கல்வியில்லாத இடத்திற் கட்சிதான் மிஞ்சும்.

இனி மறு சாராரை நோக்குவோம். சைவசித்தாந்தமும் பௌத்த மெய்யியலும் எம் பல்கலைக்கழகங்களிற் பயிலப்படுகின்றன. அவற்றைப் பயில்வோரிடம் நெற்றியில் நீறு உண்டா, பன்சலைக்குப் போவதுண்டா என எவரும் வினவுவதில்லை. இயேசு சபைக் குருவாகிய அலோசியஸ் பீரிஸ் அடிகள் இலங்கைப் பல்கலைக்கழகமொன்றிற் பௌத்த மெய்யியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவரது பாளி அறிவு பரீட்சிக்கப்பட்டது, விசுவாசம் பரீட்சிக்கப்படவில்லை. இறையியற் பாடத்துக்கும் இதுவே உரைகல்லாதல் வேண்டும். சைவ மாணவி ஒருத்தி இப்பாடத்தில் முதல் வகுப்புப் பெறக்கூடுமாயின் அது பல்கலைக்கழகக் கல்வி. பெறமுடியாதெனின் அது ஞாயிறு மறைக்கல்வி; அதற்குப் பங்குக் கோயில் மண்டபமே போதும்.

படித்து என்ன தொழில் பார்ப்பது என்பாருக்கு நாம் விடை கூறப்போவதில்லை. மெய்யியலுக்கும் தொல்லியலுக்கும் அவ்வினாவைக் கேட்டுப் பழகியவர்கள் அவர்கள்.

தமிழில் இது இயலுமா என்ற ஐயமும் எழுப்பப்படுகின்றது. 1578இற் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ தமிழெழுத்தில் அச்சான முதல் நூல். அதுவே ஒரு மறைநூல்தான். அங்கே கடவுள் ‘தம்பிரான்’. தத்துவ போதக சுவாமிகள் ‘சருவேசுரன்’ என்றார். இன்று ‘இறைவன்’ என்கின்றோம். எம் பாட்டன்மார் கண்ட ‘பூசை’ எமக்குத் ‘திருப்பலி’ ஆயிற்று. இவை வெறும் மொழிபெயர்ப்பு மாற்றங்களல்ல. பூசை என்ற சொல் சைவக் கோயிலோடு ஓர் உறவை ஒப்புக்கொள்கின்றது. திருப்பலி என்ற சொல் கல்வாரி மலையை முன்னிறுத்துகின்றது. எதை ஏன் கைவிட்டோம் என்பது முழுக்க முழுக்க இறையியல் வினா. தமிழ்த்துறையின் துணையின்றி உரோமாபுரியில் இதற்கு விடை காணமுடியாது.

இலத்தீனும் கிரேக்கமும் கற்பிக்க ஆள் வேண்டுமே எனின், குருமடங்களிற் கற்றோர் உளர். அவர்களை வருகை விரிவுரையாளராக அழைக்கலாம். அழைக்கும் உரிமை துறையினுடையதாக இருத்தல் வேண்டும். வினாத்தாள் ஆயர் இல்லத்தின் வாசலை மிதித்த பின்னரே பரீட்சை மண்டபத்துக்கு வருமாயின், அப்பாடத்தைத் தொடங்காதிருப்பதே மேல்.