தாயக்கட்டைக்கு நினைவில்லை



விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகளின் கையில் ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டைகளைக் கொடுத்தேன். “ஐயா, சபைக்குள் சூதாட்டக் கருவியா?” என்று மூத்த விசுவாசி ஒருவர் மனம் வருந்திக் கேட்டார். அவருடைய கவலை நியாயமானதே. ஆயினும், தாயக்கட்டையை ஒளித்துவைப்பதைவிட, அதை உருட்டி எண்ணிப் பார்க்கச் செய்வதே பிள்ளைகளைச் சூதிலிருந்து காக்கும் என்பது என் கருத்து.

ஒவ்வொரு கட்டைக்கும் நான்கு முகங்கள். ஒன்று வெறுமை; மற்றவற்றில் 1, 2, 3 என்று புள்ளிகள். இரண்டையும் சேர்த்து உருட்டினால் 16 விதங்களில் விழக்கூடும். அவற்றுள் 3 விழுவதற்கு நான்கு வழிகள் உண்டு. நாம் கூவி அழைக்கும் தாயத்துக்கோ இரண்டே வழிகள். அதாவது எட்டில் ஒன்று.

பிள்ளைகள் குழுவுக்கு 80 முறை உருட்டிக் குறித்தனர். சில குழுக்களுக்குத் தாயம் குறைந்தது, சிலவற்றுக்குக் கூடியது. எல்லாவற்றையும் கூட்டியபோது எட்டில் ஒன்றையே நெருங்கியது.

“அப்படியானால் எட்டு முறை உருட்டினால் ஒரு தாயம் நிச்சயம்தானே?” என்று ஒரு சிறுவன் கேட்டான். இல்லை. எட்டு முறையும் தாயம் விழாமலே போவதற்கு 100க்கு 34 வாய்ப்பு உண்டு. 16 முறையும் விழாமல் போவதற்கு 100க்கு 12. அத்தனை முறை தவறிய பின்பும், அடுத்த உருட்டலில் தாயம் விழும் வாய்ப்பு அதே எட்டில் ஒன்றுதான். கட்டைக்கு நினைவில்லை, நம் தோல்விகளை அது கணக்கில் வைப்பதில்லை.

அன்பானவர்களே, “இத்தனை முறை தோற்றேன், இனி எனக்கே விழும்” என்ற எண்ணமே குடும்பங்களை அழிக்கிறது. பிள்ளையார்பாளையத்துத் தறியில் பல நாள் குனிந்து ஈட்டிய கூலி, கைப்பேசியில் ஓர் இரவில் கரைந்துவிடக்கூடும். தமிழக அரசு 2003இல் லாட்டரியைத் தடை செய்தது. இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிரான சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வாசலை அடைக்கும்; மனத்திலுள்ள பொய்க்கணக்கை அதனால் அழிக்க இயலாது.

“சீட்டின் முடிவு கர்த்தருடையது என்று நீதிமொழிகள் 16:33 போதிக்கிறதே” என்று சிலர் கேட்கலாம். மெய்தான். அதனாலேயே, ஒவ்வொரு வெற்றியையும் தேவதயவு என்றும், ஒவ்வொரு தோல்வியையும் சாபம் என்றும் நாமே பொருள் கூறத் துணியலாகாது. சிலுவையின் அடியில் போர்ச்சேவகர் ஆண்டவருடைய அங்கிக்காகச் சீட்டுப்போட்டனர் (யோவான் 19:23, 24). தையலின்றி ஒரே நெசவாய் அமைந்த அந்த அங்கியின் அருமையை நெசவாளராகிய நாம் அறிவோம். சீட்டில் வென்றவன் அங்கியைப் பெற்றான். ஆனால் அந்தச் சீட்டு அவனை ஆண்டவருக்கு அண்மையில் கொண்டுவரவில்லை.

இந்த வாரம் உங்கள் பிள்ளைகளோடு அமர்ந்து 80 முறை உருட்டி எழுதிப் பாருங்கள். சூதினால் கடன்பட்டுத் தவிப்பவர் எவரேனும் இருந்தால், தயங்காமல் என்னிடம் வாருங்கள். சபை உங்களைத் தீர்ப்பிடாது, தாங்கும்.

அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதியும். வீண் நம்பிக்கைகளிலிருந்து எங்களை விடுவியும். ஆமென்.