பெயரை மாற்றினாலும் நம்பர் மாறாது!

புது வீட்டில் பால் காய்ச்சிய கையோடு பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "வைஃபை எப்போ வரும்?" பழைய வீட்டிலிருந்து கழற்றி வந்த ரவுட்டரை மாட்டினால் வேலை முடிந்தது. ஆனால், அந்தச் சின்னப் பெட்டி குடும்பத்தின் புது முகவரியையும் சேர்த்தே வெளியில் சொல்லிவிடக்கூடும்.

ரவுட்டர் விநாடிக்குச் சுமார் 10 முறை 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சிக்னல் அனுப்பும். அதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, நாம் வைக்கும் பெயர். இதற்கு எஸ்.எஸ்.ஐ.டி என்று பெயர். 32 பைட்டுக்குள் அடங்க வேண்டும் என்பது மட்டும்தான் கணக்கு. (தமிழில் வைக்க ஆசைப்படுபவர்கள் கவனிக்க: 'க' என்ற ஓர் எழுத்துக்கே 3 பைட், 'கா'வுக்கு 6!) மற்றொன்று பி.எஸ்.எஸ்.ஐ.டி. எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த 12 இலக்க அடையாளம். பெட்டி தயாராகும்போதே வந்துவிடும். பாஸ்வேர்டு தெரியாதவர் போனிலும் இரண்டும் பிடிபடும். பூட்டு கதவுக்குத்தான், வாசலில் மாட்டிய பெயர்ப்பலகைக்கு இல்லையே!

அந்த நம்பரால் யாருக்கு என்ன லாபம்? கட்டடங்களுக்குள் ஜி.பி.எஸ் சரியாக எடுக்காது. அதனால் பக்கத்தில் எந்தெந்த ரவுட்டர்கள் இருக்கின்றன என்பதை வைத்தே போன்கள் இடத்தைக் கணிக்கின்றன. அதற்காக ஆப்பிள், கூகுள் போன்ற நிறுவனங்கள் உலகம் முழுக்க உள்ள ரவுட்டர்களின் பட்டியலை வைத்திருக்கின்றன. தெருவில் போகிறவர்களின் போன்கள் மூலமாகவே பட்டியல் வளர்கிறது. வீட்டுக்காரரை யாரும் கேட்பதில்லை.

2024-ல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ரை, டேவ் லெவின் இருவரும் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஆப்பிளின் சேவையிடம் ஒரு ரவுட்டரின் நம்பரைக் கேட்டால், அக்கம்பக்கத்தில் உள்ள 400 ரவுட்டர்கள் வரை இருக்கும் இடத்தையும் சேர்த்தே கொடுத்தது. குத்துமதிப்பாக நம்பர்களைப் போட்டுக் கேட்டே, சுமார் ஓராண்டில் 200 கோடிக்கும் மேற்பட்ட ரவுட்டர்களின் இருப்பிடத்தைத் திரட்டிவிட்டார்கள். யுக்ரேன் போர் நடக்கும் பகுதிகளில் ஸ்டார்லிங்க் கருவிகள் நகர்ந்ததுகூடத் தெரிந்தது.

போர்முனை வரை போக வேண்டாம். கணவனின் அடி உதை தாங்காமல், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போகிறார் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். இணைப்பு அவர் பெயரில் இருப்பதால் ரவுட்டரையும் எடுத்துப் போகிறார். அதே வைஃபையில் இத்தனை நாள் இருந்த கணவனுக்கு அந்த நம்பரைத் தெரிந்துகொள்வது கஷ்டமில்லை. விஷயம் தெரிந்த ஒருவர் துணைக்கு இருந்தால், புது வீடு எந்தத் தெருவில் என்பது வரை போய்விடலாம்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். வைஃபை பெயரை மாற்றினால் இந்த நம்பர் மாறாது. பெயரை மறைத்து வைக்கும் வசதியும் உதவாது. நம்பர் அப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கும். போதாக்குறைக்கு, மறைந்திருக்கும் பெயரைத் தேடி வீட்டில் இருப்பவர்களின் போன்கள் போகிற இடமெல்லாம் அதைக் கூவக்கூடும்.

ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் நம்பரைக் காட்டித் தப்பித்துக்கொள்கின்றன. வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் சாமர்த்தியம் இன்னும் வரவில்லை.

பட்டியலிலிருந்து விலக ஒரு வழி உண்டு. வைஃபை பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோடு போட்டு, 'நோமேப்' என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் (என், ஓ, எம், ஏ, பி) இடைவெளியின்றிச் சேர்க்க வேண்டும். கூகுள் 2011 முதல் இதை ஏற்கிறது. ஆப்பிள் 2024-ல்தான் ஏற்றது. பெயரில் கதவு எண், குடும்பப் பெயர் இருந்தால் அப்போதே எடுத்துவிடலாம். ரவுட்டர் செட்டிங்ஸில் 5 நிமிட வேலை. பிறகு வீட்டில் உள்ள எல்லா போன்களையும் புதிதாக இணைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

யாருக்கும் தெரியாமல் வீடு மாறுகிறவர்களுக்கு இது போதாது. அவர்கள் பழைய பெட்டியைக் கம்பெனியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறு பெட்டி கேட்டு வாங்குவதே நல்லது.