ஆய்வேட்டுக்குப் படியளப்பது யார்?

முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்று கையில் கிடைத்தால் நான் முதலில் புரட்டுவது நன்றியுரைப் பக்கத்தைத்தான். நெறியாளர், துறைத்தலைவர், ஆய்வக நண்பர்கள், பெற்றோர் என்று இறங்கி வந்து கடைசியில் இணையருக்கு ஒரு வரி இருக்கும். எழுதியவர் ஆண் என்றால், மனைவி 'பொறுத்துக்கொண்டதற்கு' நன்றி. எழுதியவர் பெண் என்றால், கணவர் 'அனுமதித்ததற்கு' நன்றி. நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. சோறு வடிப்பது, பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, வாடகை கட்டுவது என்று இருவரும் செய்தது ஒரே வேலை. ஆனால் பெண் செய்தால் அது கடமை, ஆண் செய்தால் அது பெருந்தன்மை.

இதை வெறும் சொற்பிரச்சினை என்று ஒதுக்க முடியாது. முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த நம் வீட்டுப் பிள்ளைகளின் ஆராய்ச்சி யாருடைய உழைப்பில், யாருடைய கூலியில் நடக்கிறது என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. சாதி ஒழிப்பு பேசுகிற நாம் இந்தக் கேள்வியை அதிகம் கேட்டதில்லை.

என் ஆய்வு பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் நடக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் இருப்பதால் கடலும் கழிமுகமும் படிக்க வருகிறவர்களுக்கு இந்த ஊர் பழக்கமானது. தெற்கே பிச்சாவரத்தின் அலையாத்திக் காடு. எங்கள் வேலைக்குக் கடிகாரம் எஜமான் அல்ல, ஓதம்தான் எஜமான். வற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக இறங்கும்போதுதான் சேற்றில் இறங்கி மாதிரி எடுக்க முடியும். அது காலை 5 மணியாகவும் இருக்கலாம், நள்ளிரவாகவும் இருக்கலாம். ஒரு மாதம் தவறவிட்டால் அந்த மாதத்தின் தரவு போனதுதான். மறுபடி எடுக்க அடுத்த ஆண்டின் அதே மாதம் வரவேண்டும்.

என் இணையர் கடலூரில் ஒரு தனியார் ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். எங்கள் மகளுக்கு நான்கு வயது. எங்கள் சமையலறைச் சுவரில் இரண்டு தாள்கள் ஒட்டியிருக்கும். ஒன்று ஓத அட்டவணை, இன்னொன்று அவருடைய ஷிப்ட் அட்டவணை. இரண்டும் மோதுகிற நாட்களைச் சிவப்பில் வட்டமிட்டு வைத்திருப்போம். அந்த நாட்களில் அவர் ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஆள் தேடுவார். கிடைக்காவிட்டால் ஒருநாள் கூலியை விடுவார். இதையெல்லாம் பார்க்கிற அக்கம்பக்கத்தார் என்னிடம், "உன் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்மா, கொடுத்து வச்சவ நீ" என்பார்கள். தோழர்களும் அதையே வேறு சொற்களில் சொல்வார்கள். அவர் நல்ல மனிதர்தான், மறுக்கவில்லை. ஆனால் இதே ஊரில் ஆராய்ச்சி மாணவர்களின் மனைவிகள் எத்தனையோ பேர் இறால் கம்பெனியிலும் துணிக்கடையிலும் மழலையர் பள்ளியிலும் வேலை பார்த்துக் குடும்பத்தை ஓட்டுகிறார்கள். அந்த மாணவர்களில் ஒருவரிடமாவது 'கொடுத்து வச்சவன் நீ' என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நம் இயக்கத்தின் நினைவில் இருக்கும் மிகப் பெரிய ஆய்வு மாணவர் அண்ணல் அம்பேத்கர். 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையில் கொலம்பியா சென்றார். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்றாண்டுகளுக்கு. அங்கிருந்து 1916இல் லண்டன் போனார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் படிப்பைப் பாதியில் விட்டு 1917இல் திரும்ப வேண்டியதாயிற்று. சிடனம் கல்லூரியில் பேராசிரியராக இருந்து சேமித்த பணத்தோடு, கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும் நண்பர் நவல் பத்தேனாவின் கடனும் சேர, 1920இல் மீண்டும் லண்டன் சென்றார். 1923இல் முனைவர் பட்டத்துக்கும் மேலான டி.எஸ்சி. பட்டம் பெற்றார். கொலம்பியாவின் முனைவர் பட்டமோ, ஆய்வேடு 1925இல் அச்சான பிறகு, 1927இல்தான் கைக்கு வந்தது. பட்டம் பெற ஆய்வேட்டை அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அறிவு இருந்தும், அச்சுக்கூலிக்கும் வழி இருந்தால்தான் பட்டம்.

இந்த ஆண்டுகளில் ரமாபாய் பம்பாயில் பரேல் பகுதியின் சிறிய குடியிருப்பில் குடும்பத்தைத் தாங்கினார். ஐந்து குழந்தைகளில் யஷ்வந்த் மட்டுமே பிழைத்தார். 1935 மே 27 அன்று ரமாபாய் மறைந்தார். பாகிஸ்தான் குறித்த தன் நூலை அம்பேத்கர் அவருக்கே காணிக்கையாக்கினார். யாருமற்ற வறுமை நாட்களில் தன்னோடு சேர்ந்து துன்பப்பட்டவர் என்று அந்தக் காணிக்கையில் நன்றியோடு பதிவு செய்தார்.

நம் மேடைகளில் 'அன்னை ரமாபாய்' என்கிறோம், பாட்டுக் கட்டுகிறோம். சாணி தட்டி விற்றதையும் பட்டினி கிடந்ததையும் சொல்லிக் கண் கலங்குகிறோம். மரியாதை சரிதான். ஆனால் கண்ணீரோடு நிறுத்திக்கொண்டால் அந்தத் துன்பம் ஒரு முன்மாதிரியாகிவிடுகிறது. 'ரமாபாய் மாதிரி இருக்க வேண்டும்' என்று இன்றைய ஆய்வு மாணவனின் மனைவிக்கு அறிவுரை சொல்லும் அளவுக்குப் போய்விடுகிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு மாணவர் படிக்க ஒரு பெண் ஏன் பட்டினி கிடக்க நேர்ந்தது? தலைமுறைகளாகச் சொத்தும் கல்வியும் மறுக்கப்பட்ட வீட்டில் படிப்புக்கான முதலீடு யாராவது ஒருவரின் உடம்பிலிருந்துதான் வரவேண்டியிருந்தது. மேல்சாதி வீட்டில் அந்தச் செலவைத் தாத்தாவின் நிலம் கொடுக்கும், அப்பாவின் ஓய்வூதியம் கொடுக்கும். நம் வீட்டில் இணையரின் உடம்பு கொடுக்கிறது. சாதி வைத்துவிட்டுப் போன கடனை அடைப்பது அந்த உடம்புதான்.

நூறாண்டு கழித்து நிலைமை என்ன? உதவித்தொகைகள் வந்திருக்கின்றன, அவை போராடிப் பெற்றவை. பட்டியலின மாணவர்களுக்கான ராஜீவ் காந்தி தேசிய உதவித்தொகை 2005-06இல் தொடங்கியது. இளநிலை ஆய்வாளருக்கான தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000 ரூபாய். கிடைப்பவருக்கு இது பெரிய தொகைதான். கிடைக்காதவரே மிகுதி. 'நெட்' தேர்வின் வழி வராத மாணவர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் தரப்படுவது மாதம் 8,000 ரூபாய். அதையும் நிறுத்தப் பார்த்ததை எதிர்த்துத்தான் 2015இல் பல்கலைக்கழக மானியக் குழு அலுவலகத்தின் முன் மாணவர்கள் முற்றுகையிட்டு அமர்ந்தார்கள். மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அந்த 8,000மும் இல்லை. தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர ஆய்வாளர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் தருகிறது. வரவேற்க வேண்டிய திட்டம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 8,333 ரூபாய். அதில் வீட்டு வாடகை போக மிச்சத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

தொகை ஒரு பக்கம், அது வரும் விதம் இன்னொரு பக்கம். ஐதராபாத்தில் ரோகித் வெமுலா 2016 ஜனவரியில் இறப்பதற்கு முன் எழுதிய கடிதத்தில், தனக்கு ஏழு மாத உதவித்தொகையாக ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் ரூபாய் வரவேண்டியிருப்பதையும், அதைத் தன் குடும்பத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதையும் குறிப்பிட்டிருந்தார். அந்தப் பணம் ஒரு தனி மனிதனின் செலவுக்கு மட்டுமல்ல, ஒரு குடும்பத்துக்கே வரவேண்டிய பணம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். எனக்கும் ஒருமுறை ஐந்து மாதம் வரவில்லை. அந்த ஐந்து மாதமும் வீட்டில் அடுப்பு எரிந்தது இணையரின் சம்பளத்தில். படகு வாடகையும் ரசாயனச் செலவும் என் கம்மலை அடகு வைத்ததில். பிறகு நிலுவை மொத்தமாக வந்தது. அது வட்டியோடு வரவில்லை. அடகுக்கடைக்காரரோ வட்டியில்லாமல் கம்மலைத் தரவில்லை. அதாவது, ஐந்து மாதம் நாங்கள் அரசுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறோம். அதற்கான வட்டியையும் நாங்களே கட்டியிருக்கிறோம்.

அடுத்தது வீடு. திருமணமான ஆய்வு மாணவருக்கு விடுதி பெரும்பாலும் ஒத்துவராது, வெளியில்தான் பார்க்க வேண்டும். சிதம்பரம் பக்கம் வீடு தேடியபோது ஒருவர் ஊர்ப் பெயரைக் கேட்டார், சொன்னோம். "ஊர்லயா, காலனியிலயா?" என்றார், சொன்னோம். "வேற ஆளுக்குச் சொல்லி வச்சிருக்கேன்மா" என்றார். 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. ஆவணத்திலிருந்து போகும் சொல் வீட்டுக்காரர்களின் வாயிலிருந்தும் போக எத்தனை ஆண்டு ஆகுமோ? 1917இல் கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அம்பேத்கருக்குப் பரோடாவில் தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் வேறு பெயரில் தங்கினார், தடியோடு வந்து விரட்டினார்கள். ஆராய்ச்சி என்றால் ஆய்வகமும் நூலகமும் மட்டும் அல்ல, இரவில் திரும்பிவந்து படுக்க ஓர் இடமும்தான் என்பதை அந்த ஒரு நாளே சொல்லிவிடுகிறது.

இதைச் சிதம்பரத்தில் முன்பே உணர்ந்தவர் சுவாமி சகஜானந்தர். 1916இல் அவர் தொடங்கிய நந்தனார் பள்ளி வெறும் வகுப்பறையாக நிற்கவில்லை. சோறும் படுக்க இடமும் இல்லாமல் நம் பிள்ளைகள் கல்வியில் நிலைக்க முடியாது என்று அறிந்து விடுதியும் நடத்தினார். நூறாண்டுக்கு முன் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் கண்ட உண்மையை இன்றும் பல்கலைக்கழகங்கள் திருமணமான ஆய்வாளர்களுக்குக் காணவில்லை. தில்லி ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் மணமான ஆய்வாளர்களுக்கென்று மகாநதி விடுதி இருக்கிறது. மனமிருந்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி.

சாதி மறுத்து மணந்தவர்களுக்கு இந்தச் சுமை இரட்டிப்பு. பிள்ளையைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளத் தாய்வீடு இருக்காது, கைமாற்றுக் கேட்க மாமனார் இருக்க மாட்டார். நாங்கள் வாழும் இந்தக் கடலூர் மாவட்டத்தில்தான், விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில், வேதிப் பொறியியல் பட்டதாரியான முருகேசனும் அவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட கண்ணகியும் 2003 ஜூலையில் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டார்கள். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2021 ஆனது. உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது 2025 ஏப்ரலில். படித்த ஆண், படித்த பெண், பதிவு செய்த திருமணம் எதுவும் அவர்களைக் காக்கவில்லை. அப்படிப்பட்ட மண்ணில் சாதி மறுப்பு இணையர் ஒருவர் ஆய்வுக்குப் போனால், அந்த வீட்டுக்கு உறவின் பக்கமிருந்து வரக்கூடியது அதிகபட்சம் மௌனம்தான். அந்த இடத்தை நிரப்ப வேண்டியது அரசும் இயக்கமும்.

விதிகளோ வேறு உலகத்தில் எழுதப்பட்டவை போல் இருக்கின்றன. மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஒழுங்குமுறை, பெண்களுக்கு இரண்டு ஆண்டு கூடுதல் அவகாசமும் 240 நாள் மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பும் தருகிறது. தேவையான உரிமை, காப்பாற்ற வேண்டியது. ஆனால் குழந்தை வளர்க்கும் ஆண் ஆய்வாளருக்கு அந்த ஏற்பாட்டில் இடமில்லை. பிள்ளை பெண்ணின் கணக்கு என்று விதியே எழுதி வைத்துவிடுகிறது. நாடும் அப்படித்தான் வாழ்கிறது. ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதற்குச் செலவிடுவது 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். ஒரு பெண் ஆய்வாளருக்கு அந்த வேறுபாடுதான் எழுதப்படாத அத்தியாயம். ஓர் ஆண் ஆய்வாளருக்கு அதுதான் எழுதி முடிக்கப்பட்ட அத்தியாயம்.

ஆகவே கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். உதவித்தொகை மாதச் சம்பளம் போல் குறித்த தேதியில் வரவேண்டும், தாமதித்தால் வட்டியோடு தர வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்களின் முழுநேர ஆய்வாளர் எவரும் உதவித்தொகை இல்லாமல் இருக்கக் கூடாது. மணமான ஆய்வாளர்களுக்குக் குடியிருப்பும் வளாகத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும். குழந்தை பராமரிப்பு விடுப்பு ஆணுக்கும் உரியதாக வேண்டும். இவற்றில் எதுவும் கருணை அல்ல. ஆராய்ச்சி என்பது உழைப்பு, அதற்குத் துணை நிற்பதும் உழைப்பு.

அரசிடம் கேட்பதோடு முடிந்துவிடாது, நம் வீட்டிலும் கேட்க வேண்டும். சுயமரியாதைத் திருமணத்தில் நாம் படித்துக் கையெழுத்திடுவது வாழ்க்கைத் துணைநல ஒப்பந்தம். ஒப்பந்தம் என்றால் இரு தரப்பும் கணக்குக் கேட்கலாம். சாவித்திரிபாய் படிக்கவும் கற்பிக்கவும் துணை நின்றதற்காக ஜோதிராவ் புலே தன் தகப்பன் வீட்டை விட்டே வெளியேற வேண்டியிருந்தது. அவர் சாவித்திரிபாய்க்கு எதையும் 'அனுமதிக்கவில்லை', அவரோடு சேர்ந்து வெளியேறினார். ஆய்வு செய்யும் ஆண் தோழர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் இணையரும் படிக்க விரும்பியவராக இருந்திருக்கலாம். உங்கள் பட்டம் வந்த பிறகு அவருடைய முறை எப்போது என்று இப்போதே இருவரும் உட்கார்ந்து பேசி ஆண்டைக் குறித்து வையுங்கள்.

எங்கள் வீட்டில் குறித்து வைத்திருக்கிறோம். பட்டயப் படிப்போடு நின்றவர் அவர். என் ஆய்வேட்டைச் சமர்ப்பித்த அடுத்த கல்வியாண்டில் அவர் பொறியியலில் சேர வேண்டும், வீட்டுக்கணக்கு என் பொறுப்பு. அதற்கு எனக்கு ஒரு வேலை கிடைக்க வேண்டும். உதவிப் பேராசிரியர் பணியிடங்களை நிரப்பாமல் கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே காலம் ஓட்டும் அரசு, எங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத மூன்றாவது தரப்பு.