கட்டியை வெட்டும் முன் ஊசிப் பரிசோதனை கேளுங்கள்!

தறித் தோழர்களே!

தொடையிலோ தோளிலோ ஒரு கட்டி கிளம்பினால் நாம் என்ன சொல்கிறோம்? தறியில் இடித்திருக்கும், கொழுப்புக் கட்டிதான், வலி ஒன்றும் இல்லையே என்கிறோம். வலிக்கவில்லை என்று நம்பி இருந்துவிடாதீர்கள்! தசையிலும் கொழுப்பிலும் நரம்பிலும் பிறக்கும் சார்கோமா என்ற புற்றுநோய் பெரும்பாலும் வலிக்காமலேதான் வளரும்.

பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் இது நூற்றுக்கு ஒன்றுதான். அந்த ஒன்றிலேயே ஐம்பதுக்கு மேல் வகைகள். அனுபவமுள்ள மருத்துவர்கூட அடிக்கடி பார்த்திருக்க மாட்டார். வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு அரசு முகாம் நடத்துகிறது. இதற்கு அப்படி முகாம் கிடையாது. நாமேதான் கவனிக்க வேண்டும்.

பதற வேண்டாம், நூறு கட்டிகளில் ஏறத்தாழ எல்லாமே சாதாரணக் கட்டிகள்தான். ஆனால் 5 செ.மீ.க்கு மேல் போனால், ஆழத்தில் இருந்தால், வளர்ந்துகொண்டே வந்தால், எடுத்த இடத்திலேயே மறுபடி முளைத்தால், நீவிவிட்டுக்கொண்டு உட்காராதீர்கள்! பெருந்துறை அல்லது சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

“சின்னக் கட்டி, இங்கேயே எடுத்துவிடலாம்” என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் எம்.ஆர்.ஐ., அடுத்து ஊசியில் சதை எடுத்து பயாப்சி, அதன் பிறகுதான் கத்தி! முறை தவறி வெட்டினால் புற்றணு சுற்றிலும் பரவி, மறு அறுவையில் இன்னும் அகலமாக வெட்ட நேரும். கால் போய்விடும் என்று பயந்து மறைக்கிறவர்களே, கேளுங்கள்: காலைக் காப்பாற்றி அறுவையும் கதிர்வீச்சும் செய்துகொண்டவர்கள், காலை எடுத்தவர்களுக்கு இணையாகவே உயிர்வாழ்ந்தார்கள் என்று 1982இலேயே அமெரிக்க ஆய்வொன்று காட்டிவிட்டது.

பயாப்சி ஸ்லைடையும், எடுத்த சதையைப் பதித்துவைத்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடத்தில் இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு.

காப்பீடு இருந்தாலும், ஷிப்ட் விட்டால் கூலி போகும், முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ் கடன் கழுத்தை நெரிக்கும். கடனுக்காகச் சிறுநீரகம் விற்ற செய்தி 2025இல் நம் பள்ளிபாளையத்திலிருந்துதான் போனது! ஆகவே முதலாளிகளிடம் கேட்போம்: பரிசோதனை நாளுக்குக் கூலி கொடு! சிகிச்சை முடியும்வரை அட்வான்ஸ் பிடித்தத்தை நிறுத்து!

இந்த ஞாயிறு கூட்டத்துக்குக் கட்டியோடு இருக்கும் தோழரைக் கையோடு அழைத்து வாருங்கள். மருத்துவமனைக்கு அவரோடு ஒருவர் போகட்டும், அவர் தறியை இன்னொருவர் ஓட்டட்டும்!